நிறுத்துவதற்கும் ஒரு கூட்டாளி வேண்டும்

(ஜோலார்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடியின் தீமைகளைப் பட்டியல் போட நான் வரவில்லை. அவை இங்கே எல்லோருக்கும் தெரியும். குடிக்கிறவருக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது ஒரு நடைமுறைக் கேள்வியைப் பற்றி. குடியை விட்டுவிடுவது என்று ஒருவர் முடிவு செய்துவிட்டார். நாளைக் காலையில் அவர் எங்கே போவார்? யாரைப் பார்ப்பார்?

குடிப்பதற்குத் துணை தேட வேண்டியதே இல்லை. கடை வாசலில் நின்று "கட்டிங் போடலாமா?" என்று கேட்டால் போதும். பேர் தெரியாத ஒருவர் பாதிப் பணம் கொடுப்பார். ஒரு குவார்ட்டர் இரண்டு டம்ளரில் சமமாகப் பிரியும். அங்கே யாரும் ஊர் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. நிறுத்த நினைப்பவருக்கு அப்படி ஓர் ஆள் கிடைப்பதில்லை. வீட்டில் அழுகிறவர்கள் உண்டு. தெருவில் புத்தி சொல்கிறவர்கள் உண்டு. "நானும் இப்படிக் கிடந்தவன்தான். வா, சேர்ந்து போகலாம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவரை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் இந்த நோயின் அளவைப் பார்த்துவிடுவோம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் ஆய்வு நடத்தி, 2019இல் அறிக்கை வெளியிட்டது. அதன்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு ஏதாவது ஓர் உதவி தேவைப்படுகிறது. சுமார் 2.9 கோடிப் பேர் மது இல்லாமல் இருக்க முடியாத நிலையில், அதாவது குடிநோயாளிகளாக இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் சிகிச்சையோ வேறு உதவியோ கிடைத்திருக்கிறது என்கிறது அந்த அறிக்கை. மீதி 37 பேரும் திருந்த மறுத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களில் பலர் மனசுக்குள் பல முறை நிறுத்தியவர்கள். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி கடைக்குப் போனவர்கள்.

நம் நாட்டில் குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது உடனே மதுவிலக்கைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. மறு வருடம் சித்தூரும் கடப்பாவும் சேர்ந்தன. 1939இல் நம் வட ஆர்க்காடும் சேர்ந்தது. சென்னை மாகாணத்திலேயே முதலில் கடைகள் மூடப்பட்ட நான்கு மாவட்டங்களில் ஒன்று இது. 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி எடுக்கப்பட்டது. 1983இல் மது மொத்த விற்பனைக்காக அரசின் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. 2016இல் 500 கடை, 2017இல் 500 கடை, 2023இல் 500 கடை என்று மூடினார்கள்.

கடையை மூடச் சொல்லிப் போராடும் பெண்களின் கோபம் நியாயமானது. அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இன்று ராத்திரி கை நடுங்கிக்கொண்டு படுத்திருப்பவர் சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. மூடிய ஒவ்வொரு கடைக்கும் ஈடாக, நிறுத்தியவர்கள் வாரம் ஒரு முறை கூடுகிற ஓர் அறையைத் திறந்திருந்தால் எத்தனை குடும்பம் பிழைத்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

"மனசு வெச்சா நிறுத்தலாம்" என்று எல்லோரும் சொல்கிறோம். நம் ஊரில் நடக்கும் ஒன்றைக் கவனியுங்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போடுகிறார்கள். பத்து வருடம் விடாமல் குடித்தவர்கூட ஒரு மண்டலம் ஒரு சொட்டுத் தொடுவதில்லை. பூசைக்கு வருகிறார், பஜனையில் உட்காருகிறார், குளிர்ந்த தண்ணீரில் விடியற்காலம் குளிக்கிறார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய நாளே பலர் கடைக்குப் போய்விடுகிறார்கள். சாமிமேல் பக்தி குறைந்துவிட்டதா? இல்லை. அந்த ஒரு மண்டலமும் அவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். குருசாமி இருந்தார். தினமும் ஒரே நேரத்தில் கூடும் இடம் இருந்தது. அவரைத் தெருவில் பார்த்தவர்கள் "சாமி" என்று கூப்பிட்டார்கள்; குடிக்கக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. ரமலான் மாதத்தில் நோன்பிருந்து நிறுத்துகிற வாணியம்பாடி, ஆம்பூர் சகோதரர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. வைராக்கியம் அந்த மனிதரிடம் அப்படியேதான் இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடித்த கூட்டம்தான் இல்லாமல் போனது. ஆகவே, கலையாத ஒரு கூட்டம் வேண்டும்.

இந்த உண்மையை ஒருவர் 1935இல் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அவர் பெயர் பில் வில்சன், நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழில் செய்தவர். குடியால் எல்லாவற்றையும் இழந்து, 1934 டிசம்பரில் நிறுத்தினார். ஐந்து மாதம் கழித்து ஒரு வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரத்துக்குப் போனார். வியாபாரம் கெட்டுப்போனது. சனிக்கிழமை. தெரியாத ஊர். மேஃபிளவர் ஓட்டலின் கீழ்த்தளத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் பார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. மறுபக்கம் ஒரு டெலிபோன். பக்கத்திலேயே ஊரில் உள்ள தேவாலயங்களின் பட்டியல். உள்ளே போனால் மறுபடி குடிப்போம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் அவருக்கு ஒரே ஒரு விஷயம் பிடிபட்டது: தனக்குத் துணையாக இன்னொரு குடிகாரர் வேண்டும், அவரிடம் பேசினால்தான் தான் தப்பிக்க முடியும். டெலிபோனை எடுத்தார். ஒரு பாதிரியாரைப் பிடித்தார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கடைசியில் ஹென்றியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். அவர், "நாளைக்கு வாருங்கள், உங்களுக்கு ஓர் ஆளைக் காட்டுகிறேன்" என்கிற விதமாக வீட்டுக்கு அழைத்தார்.

மறுநாள், 1935 மே 12, அன்னையர் தினம். அங்கே வந்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை மருத்துவர், தீராத குடிநோயாளி. கால்மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், ராத்திரி பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு அதுவரை புத்தி சொன்னவர்கள் ஏராளம். தான் குடித்த கதையை அவரிடம் சொல்லி, அவருடைய நிலையைப் புரிந்துகொண்ட முதல் ஆள் பில் வில்சன்தான். அதற்குப் பிறகும் டாக்டர் பாப் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். பில் அவரைக் கைவிடவில்லை. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் நாள் 1935 ஜூன் 10. அந்த நாளைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம், நம் ஆட்கள் சுருக்கமாகச் சொல்லும் ஏஏ, தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. ஒருவர் வழுக்கி விழுந்து எழுந்த நாளையே பிறந்த நாளாக வைத்துக்கொண்ட இயக்கம் அது. "ஸ்லிப் ஆயிட்டேன், இனி எந்த முகத்தோட போறது" என்று வீட்டில் அடைந்து கிடப்பவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இந்த இயக்கம் 1957இல் பம்பாயில் வேர் பிடித்தது. தமிழ்நாட்டில் குடிநோய் சிகிச்சைக்கு முன்னோடி ஒரு பெண்மணி, சாந்தி ரங்கநாதன். கணவர் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இறந்தார். மறு வருடமே அவர் பெயரால் சென்னையில் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த அறக்கட்டளை நடத்தும் டி.டி.கே. மருத்துவமனை என்றால் எல்லோருக்கும் தெரியும். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னைக்கு வர முடியாத கிராமத்து மக்களுக்காக 1989 முதல் மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம் நடத்தினார்கள். டெல்டாவில் உள்ள அந்தச் சிற்றூருக்கே மருத்துவரும் ஆலோசகரும் போய்த் தங்கினார்கள். ஊர்க்காரர்கள் இடமும் துணையும் கொடுத்தார்கள். முகாம் முடிந்த பிறகும் சிகிச்சை பெற்றவர்களைக் கவனித்துக்கொள்ள ஊரிலேயே ஆட்கள் இருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி தொடங்கிவைப்பதை ஊர்தான் தொடர்ந்து நடத்த வேண்டும் என்பதற்கு மஞ்சக்குடி சாட்சி.

இதெல்லாம் நம்பிக்கைதானே, மருத்துவம் என்ன சொல்கிறது என்று படித்த பிள்ளைகள் கேட்கலாம். மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2020இல் ஒரு முடிவை வெளியிட்டது. 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏஏ வழியில் ஆட்களைச் சேர்த்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்து முழுவதுமாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சை பெற்றவர்களில் அது 35 சதவீதம். வித்தியாசம் மலைபோல் பெரிதில்லை. ஆனால் கட்டணம் வாங்காத ஒரு கூட்டம், சம்பளம் வாங்கும் நிபுணர்களுக்குக் குறையாமல் வேலை செய்கிறது என்றால் அதை அலட்சியம் செய்ய முடியாது.

இப்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. தினமும், காலையிலேயே குடிக்கிறவர் கூட்டத்துக்குப் போவதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். பல வருடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் அதைத் தாங்காது. முதலில் கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது மூன்றாவது நாளில் சன்னி வரலாம்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், பெற்ற பிள்ளையை யாரென்று கேட்பார். பேய் பிடித்தது என்று கயிறு கட்டி வைக்காதீர்கள். அது உயிரைப் பறிக்கும் நிலை. உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கு மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்து ஒரு வாரத்தில் உடம்பை நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

இன்னொன்று. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கப்படும் பொடியை வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் போன்ற மருந்தை உண்ட உடம்பில் மது சேர்ந்தால் மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகலாம். குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து அது. அதுபோல, அடைத்து வைத்து அடிக்கும் இடங்களில் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மையமா என்று கேட்டுப் பார்த்துச் சேருங்கள்.

சரி, எங்கே தேடுவது? கைபேசியில் 14446 என்று போடுங்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416 மனநலத்துக்கான டெலிமானஸ். 104 நம் மாநில சுகாதார உதவி எண். மூன்றுக்கும் காசில்லை. திருப்பத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைக் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அங்கெல்லாம் போகும்போது மருந்துச் சீட்டோடு இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: "எங்க ஊர்ப் பக்கம் ஏஏ மீட்டிங் எங்க நடக்குது?"

ஏஏ அலுவலகத்துக்கே கூப்பிடலாம். இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. சென்னையிலும் அலுவலகம் உண்டு. கூப்பிடுகிறவர் பெரிய விளக்கம் சொல்ல வேண்டாம். "அண்ணே, குடியை நிறுத்தணும்" என்ற ஒரு வாக்கியம் போதும். மறுமுனையில் இருப்பவரும் பெரும்பாலும் அதே வாக்கியத்தை ஒருநாள் சொன்னவர்தான். பிறகு இதைக் கேளுங்கள்: எந்த நாள், எத்தனை மணி? தமிழிலா, உருதுவிலா? வீட்டுக்காரர்களும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டமா? முதல் நாள் வாசலில் யாராவது காத்திருப்பார்களா? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் அங்கே நின்று "வாங்க" என்று கையைப் பிடித்தால் அந்த ஐந்தடியைத் தாண்டிவிடலாம்.

"ஊர் சின்னது, யாராவது பார்த்துடுவாங்க" என்பது அடுத்த பயம். ஜோலார்பேட்டைக்காரர்களுக்கு அதற்கு ஒரு வசதி உண்டு. நம் ஜங்ஷனிலிருந்து ஒரு தடம் திருப்பத்தூர் வழியாகச் சேலத்துக்கு, ஒரு தடம் வாணியம்பாடி, ஆம்பூர், காட்பாடி வழியாகச் சென்னைக்கு, ஒரு தடம் குப்பம், பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. பக்கத்து ஊரில் கூட்டம் நடந்தால் டிக்கெட் எடுத்துப் போய்விட்டு ராத்திரிக்குள் திரும்பலாம். முதல் சில மாதம் வெளியூரில் போங்கள். தைரியம் வந்ததும் உள்ளூரில் உட்காருங்கள். போக முடியாத நாட்களில் கைபேசி வழியாகவே நடக்கும் கூட்டங்களும் இப்போது உண்டு. ஷிப்டு மாறி மாறி வரும் ரயில்வேக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

உள்ளே என்ன நடக்கும்? ஒரு சாதாரண அறை. பள்ளிக்கூட வகுப்பாக இருக்கலாம், தேவாலயத்துப் பக்கத்துக் கூடமாக இருக்கலாம். வட்டமாக நாற்காலி. ஒருவர் தலைமை. "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்து ஒவ்வொருவரும் சில நிமிடம் பேசுவார்கள். டேனரியில் நாற்றம் மறக்கக் குடிக்க ஆரம்பித்த கதை வரும். பிள்ளையின் ஸ்கூல் பீஸைக் குடித்த கதை வரும். "மூன்று மாதமாக நிறுத்தியிருக்கிறேன், நேற்று கடை வாசல்வரை போய்த் திரும்பினேன்" என்ற பேச்சும் வரும். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். முதல் நாள் வந்தவர் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. டீ வரும். அறை வாடகைக்கும் டீக்குமாக ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர் போடுவார். உறுப்பினர் கட்டணம் கிடையாது. நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது கட்டுப்பாடு. ஒருவர் ஒரு வருடம் முடித்தால் பிறந்த நாள் கொண்டாடுவார்கள். பழையவர் ஒருவர் ஸ்பான்சராக இருப்பார். நடுராத்திரி ஆசை வந்தால் கடைக்குப் போகாமல் அவருக்குப் போன் போடலாம். ஆயுள் முழுக்க நிறுத்துவதாகச் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒருநாள் மட்டும் தொடாமல் இரு என்பார்கள். நாளைக்கும் அதையே சொல்வார்கள்.

கடவுள் பேச்சு வருமே என்று பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்த தோழர்கள் தயங்க வேண்டாம். ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் உண்டு; அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அங்கேயே உண்டு. தன்னைவிடப் பெரிய சக்தி என்பதற்கு அந்தக் கூட்டத்தையே வைத்துக்கொண்டு குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். குடிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவமானத்துக்குப் பயந்து அவர்கள் ஆண்களைவிட ஆழமாக ஒளிந்திருக்கிறார்கள். அந்த வாசல் அவர்களுக்கும் உரியது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அல்-அனான் என்று குடும்பத்தாருக்கான தனிக் கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸும் அவர் தோழியும் சேர்ந்து 1951இல் அமைத்தது. வீட்டுக்காரர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். "அவருக்குக் காய்ச்சல் சார்" என்று கம்பெனிக்குப் பொய் சொல்வதும், அவர் வாங்கிய கடனை உங்கள் சம்பளத்தில் அடைப்பதும் பாசத்தால் செய்வதுதான். அது அவருடைய நோயை ஒருநாள் கூடுதலாக மறைத்து வைக்கிறது என்பதை அங்கே மற்றப் பெண்களின் வாயால் கேட்பீர்கள். குழுவாக உட்காருவது உங்களுக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில்தான் அரசுத் திட்டமாகத் தொடங்கின. கடனுக்காகக் கூடி உட்கார்ந்து குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் நீங்கள். இந்த விஷயத்துக்கும் உட்காருங்கள்.

கடைசியாக, தேடிப் பார்த்தும் நடக்கிற தூரத்தில் கூட்டம் இல்லை என்றால்? ஏஏ மரபுப்படி, குடியை விடுவதற்காகக் கூடும் இரண்டு மூன்று பேர் இருந்தாலே அது ஒரு குழு. ஏக்ரனில் இருந்ததும் இரண்டு பேர்தான். அலுவலகத்துக்குத் தெரிவித்தால் தமிழ்ப் புத்தகங்கள் அனுப்புவார்கள். பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து பழையவர்கள் வந்து சில வாரம் துணை இருப்பார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பள்ளி, சர்ச், மசூதி, கோயில் மண்டபம், சங்கக் கட்டடம் எதையாவது நிர்வகிப்பவர்களே, வாரத்தில் ஒரு மாலை ஒன்றரை மணி நேரம் ஓர் அறையை ஒதுக்குங்கள். ஏஏ குழுக்கள் வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை; அதனால் சின்ன வாடகை வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர்களே, மருந்துச் சீட்டின் பின்னால் கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். கம்பெனி நிர்வாகிகளே, யூனியன் தோழர்களே, கூட்டத்துக்குப் போகும் தொழிலாளியின் ஷிப்டை அன்று மாற்றிக் கொடுங்கள்; அவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசாதீர்கள். இந்த ஊரில் பல வருடமாகக் குடிக்காமல், யாருக்கும் தெரியாமல் இருக்கும் அண்ணன்மார்களே, உங்களிடம்தான் அதிகம் கேட்கிறேன். உங்களைப் போல் ஒருவரைத் தேடித்தான் மற்றவர்கள் தவிக்கிறார்கள். வந்து உட்காருங்கள், உங்கள் கதையை ஒருவரிடம் சொல்லுங்கள். இப்போது குடித்துக்கொண்டிருப்பவர்களே, நீங்கள் கெட்டவர்கள் இல்லை, நோயாளிகள். உங்கள் நோய்க்கு மருந்தும் உண்டு, மனிதர்களும் உண்டு. நாளைக் காலை ஒரு போன் போடுங்கள்.